முளைத்த அடிக்கல்

மழை விட்ட மறுநாள் காலையில் நொய்யல் கரையில் அடிக்கல் முளைத்திருந்தது. முதலில் பார்த்தவள் துளசிமணி. பார்த்ததும் அவளுக்கு வந்தது ஆச்சரியம் இல்லை, சந்தேகம்.

அந்தக் கல்லை நட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. யாரோ ஒரு அமைச்சர் வந்தார், பந்தல் போட்டார்கள், மேளம் வைத்தார்கள், கரையோரத்துக் குடிசைக்காரர்கள் அத்தனை பேருக்கும் இதே இடத்தில் மாடி வீடு கட்டித் தரப்போகிறோம், இனிமேல் ஆறு பெருகினாலும் உங்கள் அடுப்பு நனையாது என்று மைக்கில் சொன்னார், வெள்ளிக் கரண்டியில் கொஞ்சம் சிமெண்டை எடுத்துக் கல்லின்மேல் தடவினார், கை கழுவத் தண்ணீர் கேட்டார், காரில் ஏறிப் போனார். போனவர் போனவர்தான். அவர் பதவி போனது, கட்சி மாறியது, மறுபடியும் மாறியது, கல் மட்டும் அங்கேயே கிடந்தது. பெண்கள் அதன்மேல் துணி துவைத்தார்கள், ஆடு கட்டினார்கள், வழி கேட்டு வருகிறவர்களுக்கு அமைச்சர் கல்லுக்கு இக்கட்டால, அமைச்சர் கல்லுக்கு அக்கட்டால என்று அடையாளம் சொன்னார்கள். செதுக்கியிருந்த பெயர் சோப்பு நுரையில் தேய்ந்து தேய்ந்து வெறும் கோடுகளாகிப் போனது.

இப்போது அந்தக் கல்லைச் சுற்றிக் கணுக்கால் உயரத்துக்குச் செங்கல் சுவர் எழும்பி நின்றது. ஓரமெல்லாம் மண் புடைத்து வெடித்திருந்தது, காளான் வருகிற இடத்தில் வெடிக்குமே அப்படி. செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவில் சாந்து ஈரமாக இருந்தது. துளசிமணி குனிந்து விரலால் தொட்டாள், மோந்து பார்த்தாள், சுற்றுமுற்றும் லாரிச் சக்கரத்தின் தடம் தேடினாள். ஒரு ஆட்டின் குளம்படி தவிர ஒன்றும் இல்லை.

அவள் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறவள். தைத்து வருகிற ஒவ்வொரு துணியையும் உள்ளே வெளியே புரட்டி, ஓட்டை இருக்கிறதா, கறை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று மேசைக்கு முன்னால் நின்று பொழுதுக்கும் சந்தேகப்படுவதற்குத்தான் சம்பளம். அந்தப் பழக்கம் மேசையோடு நிற்காமல் வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. பால்காரன் சிரித்தால் பாலில் தண்ணீர் என்பாள். வாசலில் ஓட்டுக் கேட்டு வருகிறவன் கும்பிட்டால் கதவைச் சாத்துவாள். அவள் புருஷன் சின்னராசு நேர் எதிர். குடோனில் மூட்டை தூக்குகிற அந்த மனிதன் ரேடியோவில் சொன்னாலும் நம்புவான், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவன் சொன்னாலும் நம்புவான்.

"மாமா, எந்திரிங்க. யாரோ நம்ம எடத்துல அஸ்திவாரம் போட்டிருக்கறாங்க."

சின்னராசு பல் விளக்கிக்கொண்டே வந்து பார்த்தான், சுவரைச் சுற்றி ஒரு நடை நடந்தான், வாய் கொப்பளித்துத் துப்பினான்.

"யாரும் போடல புள்ள. முளைச்சிருக்குது. கல்லு நட்டாங்கல்ல? நட்டது முளைக்கத்தான செய்யும்."

"இத்தன வருசமா முளைக்காதது இப்ப மட்டும் ஏன் முளைக்குது?"

"நல்ல மழையில்ல" என்றான் சின்னராசு, வானத்தைப் பார்த்து.

நல்ல மழைதான். அந்த வாரம் பூராவும் விட்டு விட்டுப் பெய்தது, பெய்யப் பெய்யச் சுவர் வளர்ந்தது, முழங்கால் உயரமானது, இடுப்பு உயரமானது, இங்கே ஒரு வாசல் அங்கே ஒரு வாசல் என்று கதவு நிலைகள் கிளம்பின, ஜன்னலுக்கு விட்ட இடைவெளிகளில் கம்பிகள் கொடித்தளிர் மாதிரி எட்டிப் பார்த்தன, கல்லின் பக்கத்தில் இருந்து மாடிப்படி ஒன்று புறப்பட்டு நாலு படி ஏறிவிட்டு மேலே என்ன செய்வது என்று தெரியாமல் நின்றது. ஆற்றங்கரை ஜனம் முதல் இரண்டு நாள் வந்து நின்று வேடிக்கை பார்த்தது, மூன்றாம் நாள் அதன்மேல் துணி காயப்போட்டது. ஆடு உள்ளே போகாமல் முள் வெட்டி அடைத்தார்கள். வெயில் அடித்த நாட்களில் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து சுவருக்கு ஊற்றினார்கள். கோழி வளர்க்கிற பெண் ஒருத்தி மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டுப் போனாள். வேலைக்குப் போகிற அவசரத்தில் யாராவது ஒருத்தர் இன்னொருத்தரிடம், இன்னைக்கு எம்மட்டு வந்திருக்குது என்று கேட்பது, சாப்பிட்டாயா என்று கேட்பதுபோல ஆகிவிட்டது.

அதோடு சந்தேகமும் வளர்ந்தது. வாசல்கள் தெரிய ஆரம்பித்ததும் எந்த அறை யாருக்கு என்கிற பேச்சு வந்தது. ஒருத்தன் ஒரு அறைக்குள் போய் நின்று பீடி பிடித்தால், இடம் பிடிக்கிறான் என்றார்கள். ஒருத்தி தன் முறத்தை மறந்துபோய் ஒரு வாசலில் வைத்துவிட்டு வர, அதற்காக அவளோடு இரண்டு குடும்பம் பேச்சை நிறுத்தியது. ஒரே குழாயில் தண்ணீர் பிடித்த ஜனம் ஒருவர் முகத்தை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்தது.

துளசிமணி இந்தச் சண்டையில் சேரவில்லை. அவள் சந்தேகம் வேறு. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவள் கட்டடத்தைச் செக்கிங் பண்ணினாள். சுவரைத் தட்டினாள், மூலையில் நூல் பிடித்தாள், சாந்தை ஆணியால் கீறினாள். எங்கேயும் கோணல் இல்லை, எங்கேயும் பொக்கை இல்லை. அது அவளை மேலும் பயமுறுத்தியது. பழுதில்லாத அரசாங்கக் கட்டடத்தை அவள் தன் ஆயுளில் பார்த்ததில்லை.

"ஏதோ இருக்குது மாமா. இவ்வளவு நல்லது சும்மா வராது."

"வந்திருக்குதே" என்றான் சின்னராசு.

பிறகு மழை நின்றது, கட்டடமும் நின்றது. வாசல் தலை உயரத்துக்கு வந்த சுவர் அதற்குமேல் ஒரு செங்கல் கூட ஏறவில்லை. தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள், தேங்காய் உடைத்துப் பார்த்தார்கள். கூரை இல்லாத அறைகளுக்குள் வெயில் விழுந்தது, காகம் வந்து உட்கார்ந்தது. அப்படியே கோடை போனது.

பெருமழைக் காலம் வருவதற்கு முன்னால் வீட்டு வசதி வாரியத்திலிருந்து வைத்தீஸ்வரன் என்கிற அதிகாரி வந்தார். வீடுகள் கட்டுவதும் குடிசைகளை எடுப்பதும் இரண்டுமே அவர் அலுவலகத்தின் வேலை. ஆற்றங்கரை ஆக்கிரமிப்பு என்பதால் குடிசைகளைக் காலி செய்ய வேண்டும், ஊருக்கு வெளியே கல்குவாரிக்குப் பின்னால் மாற்று இடம் தரப்படும் என்று சொன்னார். அங்கிருந்து பனியன் கம்பெனிக்கு வர இரண்டு பஸ் மாற வேண்டும், அந்த இரண்டில் ஒன்று வராது. பெண்கள் அதைச் சொன்னார்கள். அவர் கேட்டுக்கொண்டார், கேட்கிற முகத்தோடேயே கிளம்பினார்.

துளசிமணி குறுக்கே போய் நின்றாள். "சார், இந்தக் கட்டடத்தைப் பாத்துட்டுப் போங்க. இது உங்களுதுதானுங்களா?"

அவர் சுவரைத் தொட்டார். தொட்ட கையைக் கைக்குட்டையில் துடைத்தார். "இது எங்க வேலை இல்லம்மா. இந்தத் திட்டத்துக்கு நிதியே ஒதுக்கல. நிதி ஒதுக்காத கட்டடம் எப்படி எங்களோடதாகும்?"

"அப்ப யாருதுங்க?"

"யாரோடதும் இல்லைன்னா அனுமதி இல்லாம எழும்பினது. அதையும் எடுக்க வேண்டியிருக்கும்."

ஜனம் அவர் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றது. அடுத்த வாரமே லட்சுமிபதி வந்தார்.

லட்சுமிபதி மனைகளும் அடுக்குமாடி வீடுகளும் விற்கிறவர். வெள்ளைச் சட்டை, மென்மையான குரல், கூட்டம் கூட்டி எல்லோரையும் அம்மா என்றார், ஐயா என்றார். பாதியில் நிற்கிற கட்டடத்தை நானே முடித்துத் தருகிறேன், ஆற்றைப் பார்த்த பாதி எனக்கு, ரோட்டைப் பார்த்த பாதி உங்களுக்கு, நீங்கள் எல்லோரும் சம்மதம் என்று சொன்னால் போதும், மேலே இருப்பவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். ரோட்டைப் பார்த்த பாதியில் எல்லோருக்கும் இடம் போதாதே என்று யாரோ கேட்டதற்கு, கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளுங்கள் என்று சிரித்தார்.

குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் அந்தோணிராஜ், கம்பெனியில் ஓவர்லாக் தைக்கிறவன், அதிகம் பேசாதவன். அவன் எழுந்து, "ஒருக்கா அவரு சொல்றதைப் பூராவும் கேட்டுக்கலாமுங்க. என்ன கணக்குல வர்றாருன்னு தெரிஞ்சாத்தான நாம பதில் சொல்ல முடியும்" என்றான்.

துளசிமணிக்குச் சுருக்கென்றது. கொஞ்ச நாளாகவே அவள் அவனைக் கவனித்துக்கொண்டுதான் இருந்தாள். மாதத்துக்கு ஒரு நாள் வேலைக்கு வராமல் எங்கேயோ போகிறான். புதுச் செருப்பு போட்டிருக்கிறான். கேட்டால் சும்மா ஒரு சோலியாக என்கிறான்.

"அந்தோணி" என்றாள், கூட்டத்தின் நடுவில் நின்று. "நீ இவுருகிட்ட என்ன வாங்கின?"

அந்தோணிராஜ் அவளைப் பார்த்தான். அவன் எப்போதும் அவளை அக்கா என்று கூப்பிடுகிறவன். அவன் குழந்தைக்கு மஞ்சள் காமாலை வந்தபோது அவள்தான் கீழாநெல்லி தேடிக் கொண்டுபோய்க் கொடுத்தவள்.

"ஒண்ணும் வாங்கலீங்க" என்றான். "உங்களுக்கு அப்பிடித் தோணுச்சுன்னா சங்கத்தை வேற ஆரு வேணாலும் பாத்துக்கலாம்." சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். சங்கத்துக்கு ஒரு தகரப் பெட்டி உண்டு, அதன் சாவி அது.

யாரும் சரி என்று சொல்லவில்லை, யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, செயலாளரும் இல்லை. அந்த இடைவெளியில் லட்சுமிபதியின் ஆட்கள் வந்து ஆற்றுப் பக்கத்து மூலை அறைக்கு ஒரு மாதிரிக்காகக் கூரை போட்டார்கள். கதவு மாட்டினார்கள், கதவுக்குப் பூட்டு மாட்டினார்கள், விற்பனைக்கு என்று ஒரு பலகையும் மாட்டினார்கள். மறுநாள் மத்தியானச் சோற்றுக்கு வந்தவர்கள் பார்க்கும்போது அந்த மூலை இடுப்பளவுக்கு இறங்கியிருந்தது. சாயங்காலம் முழங்கால் அளவு. அதற்கடுத்த நாள் பூட்டும் பலகையும் தரையோடு தரையாகக் கிடந்தன, கூரைத் தகரத்தின் மேல் கோழி மேய்ந்தது. இடிந்த சத்தமும் இல்லை, தூசியும் இல்லை. வந்த வழியே மண்ணுக்குள் போயிருந்தது.

லட்சுமிபதி வந்து பார்த்தார். மண் சரியில்லை என்றார். அதன்பின் அவர் வரவில்லை.

"ஒட்டுப் போட்டா எல்லா மரமும் ஏத்துக்குமா?" என்றான் சின்னராசு. "இது கவர்மெண்டு சொன்ன சொல்லுல முளைச்சது. வேறொருத்தன் கை பட்டா வாடத்தான செய்யும்."

முதல்முறையாகத் துளசிமணி அவன் சொன்னதற்கு எதிர்ப்பேச்சு பேசவில்லை.

அந்த வாரம் தண்ணீர்க் குழாயடியில் அந்தோணிராஜின் மனைவி லூர்துமேரி துளசிமணியின் குடத்தை முட்டிக்கொண்டு தன் குடத்தை வைத்தாள்.

"எங்கூட்டுக்காரரு எங்க போறாருன்னு கேட்டயில்ல? மெட்ராசுக்குப் போறாரு. போயி அங்க ஒவ்வொரு ஆபீஸ் வாசல்லயும் நின்னு, இந்தக் கல்லுக்கு ஏன் துட்டு ஒதுக்கலைன்னு கேட்டுட்டு வர்றாரு. செருப்பு தேஞ்சு போச்சுன்னு நாந்தான் புதுசு வாங்கிக் குடுத்தேன். போதுமா?"

துளசிமணியின் குடம் நிரம்பி வழிந்தது. அவள் அதை எடுக்கவில்லை. இருபது வருஷமாக மேசைமுன் நின்று நல்ல துணியைப் பழுது என்று ஒருநாளும் ஒதுக்காதவள் அவள்.

அன்றைக்கே அவன் வீட்டு வாசலுக்குப் போனாள். அவன் வெளியே வந்து நின்றான்.

"தப்பாச் சொல்லிட்டன் அந்தோணி."

"சரிங்க" என்றான். அக்கா என்று சொல்லவில்லை.

"மறுபடியும் எப்பப் போற? நானும் வர்றேன்."

அவன் வாசலில் கிடந்த செருப்பைப் பார்த்தான். "மெட்ராசுல பேசியாச்சு. இங்கிருந்து எழுதிப் போகோணுமாம். திங்கக்கெழமை மனு நாள். எல்லாரும் வந்தாத்தான் எடுபடும். வாங்க. ஆனா என்னைச் சந்தேகப்படறாப்பல ஆபீசுலயும் நல்லாச் சந்தேகப்படுங்க."

திங்கட்கிழமை கரையே கிளம்பிப் போனது. கம்பெனிகளில் அன்றைக்கு மெஷின்கள் பாதி ஓடவில்லை. வைத்தீஸ்வரன் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அந்தோணிராஜ் மனுவை நீட்டினான். திட்டத்துக்கு நிதி ஒதுக்குங்கள், முளைத்ததை முடித்துக் கொடுங்கள் என்பதுதான் மனு.

"நீங்களே சொல்றீங்க, தானா வளர்ந்ததுன்னு" என்றார் அவர். "தானா வளர்றதுக்கு அரசாங்கம் எதுக்கு நிதி ஒதுக்கணும்?"

"புள்ளையுந்தானுங்க தானா வளருது" என்றாள் துளசிமணி. "சோறு போடாம விட்டுப் பாருங்க."

"தனியார் ஒருத்தர் முடிச்சுத் தர்றேன்னு வந்தாரே. அரசாங்கமே எல்லாத்தையும் செய்ய முடியுமா?"

"அவரு விக்கறதுக்குக் கட்டறவருங்க. கட்டட்டும், வாங்க முடிஞ்சவங்க வாங்கட்டும். வாங்க முடியாதவங்களுக்கு ஆருங்க கட்டுவா? கம்பெனிக்கு எடம் குடுக்கறீங்க, ரோடு போட்டுத் தர்றீங்க, கரண்டுல சலுகை குடுக்கறீங்க. வேண்டாங்கல. அந்தக் கம்பெனிக்குள்ள நிக்கறவ பொழுது சாஞ்சா எங்க போய்ப் படுப்பான்னு மட்டும் எந்த ஆபீசுலயும் கேக்கறதில்லீங்களே, அது ஏனுங்க?"

வைத்தீஸ்வரன் பேனாவை மூடினார். அந்தோணிராஜ் மெதுவாகச் சொன்னான். "எங்க பேருக்கு எழுதித் தரச் சொல்லலீங்க. எழுதிக் குடுத்தா ஒரு கஷ்டம் வர்றப்ப நாங்களே வித்துருவோம். வீடு அரசாங்கத்தோடதாவே இருக்கட்டும். இல்லைன்னா லாபம் பாக்காத ஒரு சங்கத்தை வெச்சு நடத்தச் சொல்லுங்க. தாங்கற அளவுக்கு வாடகை குடுத்து இருந்துக்கறோம். நாங்க போனா, அடுத்து இல்லாதவங்க வரட்டும்."

"அந்தச் சங்கத்தை நான் செக் பண்ணுவேன்" என்றாள் துளசிமணி உடனே. பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தோணிராஜ் சிரிக்கவில்லை, ஆனால் தலையாட்டினான்.

"சரி, பரிந்துரை பண்றேன்" என்றார் அதிகாரி.

"பரிந்துரைன்னா என்னங்க? அதையும் நட்டு வெச்சுட்டு உட்கார்ந்திருக்கோணுமா?"

அவர் அடுத்த மனுவுக்குக் கை நீட்டினார்.

பரிந்துரை எங்கே போனதென்று தெரியவில்லை, பெருமழை வந்துவிட்டது. மேற்கே மலையில் பெய்த மழை ஒரு முற்பகலில் ஆற்றில் இறங்கியது. சாயப்பட்டறைகளின் நிறமெல்லாம் கலந்து, ஒரு பக்கம் சிவப்பாகவும் ஒரு பக்கம் நீலமாகவும், ஆள் உயர நுரையைச் சுமந்துகொண்டு நொய்யல் வந்தது. குடிசைகள் ஒவ்வொன்றாகக் கழன்று மிதந்தன, அடுப்புக்கல் போனது, கட்டில் போனது, சாமி படம் சிரித்துக்கொண்டே போனது. ஜனம் பிள்ளைகளையும் ஆடுகளையும் தூக்கிக்கொண்டு கூரையில்லாத கட்டடத்துக்குள் ஏறியது. அறை யாருக்கு என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. ஆறு சுவரில் வந்து மோதியது, சுவர் அசையவில்லை, வாசற்படியைத் தாண்டி ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. ஆனால் மேலே வானம் திறந்து கிடந்தது. அத்தனை மழையும் அவர்கள் தலைமேல்தான் விழுந்தது.

ஜனங்களை வெளியேற்ற வேன் எடுத்துக்கொண்டு வந்த வைத்தீஸ்வரனும் அதில் மாட்டிக்கொண்டார். பாலத்தடியில் வேன் நின்றுவிட்டது. டிரைவர் அக்கரைக்கு ஓடிவிட்டான், அதிகாரி இக்கரையில் முழங்கால் தண்ணீரில் தள்ளாடிக்கொண்டு வந்து கட்டடத்துக்குள் ஏறினார். ஒரு மூலையில் ஒண்டி நின்றார். சட்டை உடம்போடு ஒட்டி, அவர் பல் தந்தியடித்தது. அவரைப் பார்த்ததும் ஜனம் நகர்ந்துகொண்டது. இந்த மழையிலும் காலி பண்ணச் சொல்ல வந்திருக்கிறாரா என்று ஒருத்தி முணுமுணுத்தாள்.

துளசிமணியும் சின்னராசுவும் அந்தோணிராஜும் லூர்துமேரியும் ஒரு பிளாஸ்டிக் தார்ப்பாயை நாலு முனையிலும் பிடித்துக் கொண்டு நின்றார்கள். அடியில் குழந்தைகள். துளசிமணி தார்ப்பாயின் முனையை உயர்த்தினாள். அப்புறம், "சார், இக்கட்டால வாங்க" என்றாள்.

அவர் வந்தார். லூர்துமேரிக்குக் கை மரத்துப்போயிருந்தது. அவள் முனையை அவரிடம் கொடுத்துவிட்டுக் குழந்தைகளோடு உட்கார்ந்தாள். அவர் பிடித்தார். மழை தார்ப்பாயில் குளம் கட்டியது, அதைத் தள்ளிவிட்டார்கள், மறுபடியும் கட்டியது. அவர் தோள் வலிக்க, கை மாற்றிப் பிடித்தார்.

"எவ்வளவு நேரம்மா இப்படிப் பிடிச்சிட்டு நிக்கறது?"

"கூரை வர்ற வரைக்குமுங்க" என்றாள் துளசிமணி.

அவர் மத்தியானம் கழிந்து, பொழுது இறங்குகிற வரைக்கும் பிடித்தார். நடுவில் யாரோ எப்படியோ ஸ்டவ் பற்றவைத்துக் கொஞ்சம் வரக்காப்பி போட்டார்கள். அந்தோணிராஜ் ஒரு டம்ளரை வாங்கி, ஒரு கையால் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு மறு கையால் துளசிமணியிடம் நீட்டினான்.

"குடிங்கக்கா" என்றான். "ஆறிப்போகுது."

அவள் வாங்கிக்கொண்டாள். முகமெல்லாம் மழைத்தண்ணீர் வழிந்ததால் வேறெதுவும் யாருக்கும் தெரியவில்லை.

வெள்ளம் வடிந்த பிறகு வைத்தீஸ்வரன் காய்ச்சலில் படுத்தார். எழுந்தவர் என்ன எழுதினார், யாரைப் பார்த்தார், மெட்ராசில் யார் கதவைத் தட்டினார் என்பது கரைக்குத் தெரியாது. அந்தோணிராஜ் இன்னும் இரண்டு முறை மெட்ராஸ் போனான், துளசிமணியும் கூடப் போனாள். மற்ற ஊர்க் கரைகளிலிருந்து வந்தவர்களும் அங்கே நின்றார்கள், அவர்கள் ஊரிலும் நட்ட கல் இருந்தது. அடுத்த பட்ஜெட்டில் அந்தத் திட்டத்துக்கு நிதி ஒதுக்கியதாகச் செய்தி வந்தபோது சின்னராசு மிட்டாய் வாங்கி வந்தான். துளசிமணி மிட்டாயைப் பிரித்து, உள்ளே பார்த்துவிட்டு வாயில் போட்டாள். எலக்சன் வருதாட்டிருக்குது என்றாள்.

ஆனால் கொத்தனார்கள் வந்தார்கள். கம்பி வந்தது, ஜல்லி வந்தது. முதல் கூரையைப் போட்ட நாளில் ஊரே கூடி நின்று சுவரைப் பார்த்தது, இறங்குகிறதா என்று. இறங்கவில்லை. மறுநாளும் இறங்கவில்லை. அதற்கும் மறுநாள், கொத்தனார்கள் வருவதற்கு முன்பே மாடிச் சுவர் கூரையைத் துளைத்துக்கொண்டு ஒரு சாண் கிளம்பியிருந்தது. மேஸ்திரி அதைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார், பிறகு அதற்குமேல் கட்ட ஆரம்பித்தார். அது கொஞ்சம் வளர, அவர்கள் கொஞ்சம் கட்ட, இப்படியே மூன்று மாடி வந்தது. மண்ணுக்குள் போன மூலையும் திரும்ப வந்தது. குலுக்கல் போட்டு அறைகளைக் கொடுத்தார்கள். சங்கம் நடத்தியது, துளசிமணி செக் பண்ணினாள். யாரும் எதையும் விற்க முடியாது, யாரும் யாருக்கும் உள்வாடகைக்கு விட முடியாது.

அவளுக்கு இரண்டாம் மாடியில் ஆற்றைப் பார்த்த ஜன்னல் கிடைத்தது. குடிவந்தும் வெகுநாள் அவள் மூட்டையைப் பிரிக்கவில்லை. பாத்திரத்தை எடுப்பாள், சமைப்பாள், கழுவி மறுபடியும் மூட்டைக்குள் வைப்பாள். சின்னராசு ஆணியடித்துக் காலண்டர் மாட்டினால், எதுக்கு மாமா அவசரம் என்பாள். ஒருநாள் மழை பெய்தது. அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து மேல்கூரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மழை விட்டதும் எழுந்து, மூட்டையைப் பிரித்து, பாத்திரங்களை அலமாரியில் அடுக்கினாள்.

அப்புறம் ஒரு வெயில் காலத்தில், ஜன்னல் கட்டையில் கை ஊன்றி நிற்கும்போது அவளுக்கு ஏதோ இடித்தது. நெஞ்சுக்கு நேராக இருந்த கட்டை இப்போது கொஞ்சம் கீழே இருந்தது. ஒரு விரல்கடை இருக்கும். தரையும் கூரையும் பார்த்த பார்வைக்கு அப்படியேதான் இருந்தன.

"மாமா, சுவரு எறங்குது."

"நீ வளந்திருப்ப" என்றான் சின்னராசு.

பக்கத்து வீடுகளில் சொன்னாள். துளசிமணிக்கு வேற வேலை இல்லை என்றார்கள். அந்தோணிராஜ் மட்டும் வந்தான். அவள் நின்ற இடத்தில் நின்றான், கையை ஊன்றினான். அவன் முகம் மாறியது. மறுநாள் விசாரித்துக்கொண்டு வந்தான். அந்த வருஷம் பராமரிப்புக்கு என்று வர வேண்டிய நிதியை யாரும் நிறுத்தியதாகச் சொல்லவில்லை. வரவில்லை, அவ்வளவுதான். வீடு தந்தாகிவிட்டது, இனி அவர்கள் பாடு என்று ஒரு கூட்டத்தில் யாரோ பேசியிருக்கிறார்கள்.

துளசிமணி செருப்பை மாட்டினாள். வீடு வீடாகக் கதவைத் தட்டினாள், ஒவ்வொருத்தரையும் அவரவர் ஜன்னலில் கை ஊன்றி நிற்கச் சொன்னாள். நின்றவர்கள் சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கி வந்தார்கள். சின்னராசு கடைசிப் படியில் அவளைப் பிடித்தான்.

"ஒரு நாளாவது கவர்மெண்டை நம்பி நிம்மதியா இருக்க மாட்டயா புள்ள?"

"நம்பாதவ எதுக்கு மாமா போய்க் கேக்கறா?" என்றாள் அவள். "அவ மூட்டையைக் கட்டிட்டுப் போயிருவா."

அலுவலகத்தில் வைத்தீஸ்வரன் காகிதம் பார்த்துக்கொண்டிருந்தார். காலடிச் சத்தம் படியேறி வருவது கேட்டு நிமிர்ந்தார். வாசலில் துளசிமணியைப் பார்த்ததும் அவருக்குத் தன்னையறியாமல் இரண்டு தோளும் வலித்தன.

"என்னம்மா? வீடு இடிஞ்சிருச்சா?"

"இல்லீங்க" என்றாள். "இடியறதுக்கு முன்னாலயே வந்துட்டோம்."

மேசைக்கு எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு, யாரும் சொல்லாமலே உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் வந்தவர்கள் அறைக்குள்ளும் வராண்டாவிலும் மாடிப்படியிலும் வரிசையாக உட்கார்ந்தார்கள். வைத்தீஸ்வரன் பார்த்துக்கொண்டிருந்த காகிதத்தை ஓரமாக ஒதுக்கினார். பிறகு பேனாவைத் திறந்தார்.